கராஜ் கதவின் இரண்டு கண்கள்

எங்கள் தெருவில் முன்வாசல் கதவைத் தட்டுகிறவர்கள் இரண்டே ரகம். ஒன்று, கையில் பைபிளோடு வருகிறவர்கள். இன்னொன்று போலீஸ். மற்ற எல்லோரும் கராஜ் வழியாகத்தான் வருவார்கள். அவர்களாகவே கதவோரப் பலகையில் ரகசிய எண்ணை அழுத்திக் கதவைத் தூக்கிவிட்டு, "ஆர்லிஸ், காப்பி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குள் நுழைவார்கள். நவம்பரில் முன்படிகளை மூடும் பனியை எங்கள் மினாட் ஊரில் ஏப்ரல் வரை யாரும் சீண்டுவதில்லை.

எனக்குக் கோடையில்கூட முன்வாசல் கிடையாது. சர்க்கரை என் வலது காலை முழங்காலோடு கொண்டுபோன பிறகு படிகளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. என் புருஷன் ஓரின்தான் சமையலறைக் கதவிலிருந்து கராஜ் தரைவரை மரத்தில் ஒரு சாய்தளம் கட்டிக் கொடுத்தான். என் சக்கர நாற்காலி அதில் இறங்கும், காரைச் சுற்றி வளையும், பெரிய கதவு மேலே போகும், நான் உலகத்துக்கு வந்துவிடுவேன். கதவு மேலே போகாவிட்டால் டப்பாவுக்குள் அடைத்த மத்தி மீனுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அந்த வியாழக்கிழமை காலை குளிர் மைனஸ் முப்பது. மிச்சமிருக்கும் பாதத்தில் ஒரு புண், அதற்குக் கட்டு மாற்ற கிளினிக் போக வேண்டும். காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது கராஜுக்குள் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

"ஸ்பிரிங்" என்றோம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில். கதவின் பாரத்தைத் தாங்குவது அதுதான்.

பயப்பட வேண்டிய நேரத்தில் எனக்குச் சந்தோஷம் வந்தது. ஓரினுக்குத் தெரிந்திருக்கிறதே! சத்தத்தை வைத்தே சொல்லிவிட்டானே!

காரணம் இருக்கிறது. ஓரின் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்தத் தெருவில் எந்த வீட்டுக் கராஜ் கதவு முனகினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். இவனும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுப் போவான். போய்ச் சும்மா வர மாட்டான், பிரசங்கம் செய்துவிட்டுத்தான் வருவான். மோட்டாரைக் கதவிலிருந்து கழற்றிவிட ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். கதவு முழுக்கக் கீழே இருக்கும்போது மட்டும்தான் அதை இழுக்கலாம், மேலே இருக்கும்போது இழுத்தால் கதவின் மொத்தப் பாரமும் தலையில் விழும் என்பது அவனுடைய முதல் பிரசங்கம். இரண்டாவது பிரசங்கம் கண்களைப் பற்றியது.

கதவின் இரண்டு பக்கமும் கணுக்கால் உயரத்தில், ஒன்றையொன்று பார்த்தபடி, பக்கத்துக்கு ஒன்றாகக் கறுப்புக் கண்கள் இருக்கும். நடுவில் ஒரு குழந்தையோ பூனையோ வந்தால் அந்தக் கண்களுக்குத் தெரிந்து, இறங்குகிற கதவு திரும்ப மேலே போய்விடும். ஆனால் குளிர்காலத்தில் காரிலிருந்து வழியும் உப்புச் சேறும் பறந்து வரும் பனியும் கண்ணை மறைத்துவிடும். கதவு இறங்கும், ஏறும், இறங்கும், ஏறும். குளிரில் நின்று இதைப் பார்க்கிறவனுக்குப் பைத்தியம் பிடிக்கும். அதனால் எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு காரியம் செய்வார்கள். இரண்டு கண்களையும் பிடுங்கி, எதிரும் புதிருமாக வைத்து டேப் சுற்றி, மேலே எங்காவது ஒட்டிவிடுவார்கள். அப்புறம் கண்கள் காதலர்களைப்போல ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருக்கும். கீழே எவன் நசுங்கினாலும் அவற்றுக்குக் கவலை இல்லை.

பக்கத்து வீட்டு டுவேன் அப்படிச் செய்திருப்பதை ஒருமுறை ஓரின் பார்த்துவிட்டான். "உன் நாய் சாகணுமாடா? இல்ல, உன் பொண்டாட்டியா?" என்று கேட்டு டேப்பைக் கிழித்து எறிந்தவன், அந்தக் குளிர்காலம் முழுக்க டுவேனோடு பேசவில்லை. அவ்வளவு கோபக்காரன்.

இதெல்லாம் பழைய ஓரின். இலையுதிர் காலத்திலிருந்து என் வீட்டில் வேறொரு ஓரினும் அவ்வப்போது வந்து போகிறான். அந்த இன்னொருவன் ஒருநாள் காரை எடுத்துக்கொண்டு ரயில்வே பட்டறைக்குப் போய், "பூட்ட மாத்திட்டானுங்க, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல" என்று கொதித்துக்கொண்டு திரும்பி வந்தான். காப்பிப் பொடியைக் கொண்டுபோய்ச் சலவை இயந்திரத்தில் போட்டான். நான் யாரிடமும் சொல்லவில்லை. அவனுக்குக் கால் இருக்கிறது, எனக்குத் தலை இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு ஆள். ஒரு முழு ஆள் ஒரு வீட்டில் குடியிருக்கலாம்தானே?

எங்கள் மகள் மாரிட் ஃபார்கோவில் இருக்கிறாள். முதியோர் இல்லம் ஒன்றில் எனக்கு ஓர் அறை பார்த்து வைத்திருந்தாள். ஓர் அறை, ஒரு கட்டில். "அப்பா ஒன்ன ஏத்தி இறக்குற வரைக்கும்தாம்மா அந்த வீடு. அதுக்கப்பறம் நீ இங்க வந்துடணும்" என்று வாராவாரம் போனில் சொல்வாள். அப்பாவைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இல்லை, அவருக்கென்ன, குதிரை மாதிரி இருக்கிறார் என்பாள். அந்தக் குதிரைக்கு வழி மறந்துபோகிறது என்று தெரிந்தால் என்ன ஆகும்? மறதிக்காரர்களைக் கதவுக்கு எண்பூட்டுப் போட்ட தனிக் கட்டடத்தில் வைப்பார்கள். என்னை அங்கே வைக்க மாட்டார்கள். அவன் ஓரிடம், நான் ஓரிடம். ஆர்லிஸ் எங்கே, ஆர்லிஸ் எங்கே என்று அவன் அந்நிய முகங்களைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருப்பான். அதனால்தான் மறைத்தேன்.

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

கோட்டு, தொப்பி, மடியில் கம்பளி எல்லாம் போர்த்தி ஓரின் என்னைச் சாய்தளத்தில் இறக்கிக் கதவுக்கு முன்னால் நிறுத்தினான். மேலே பார்த்தேன். இரண்டு ஸ்பிரிங்கில் ஒன்று நடுவில் அறுந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

"ஓரின், ஒன்னு போயிடுச்சு. மோட்டார் தூக்காது. விட்டுடு."

"இன்னொன்னு இருக்குல்ல, தூக்கும்" என்று பொத்தானை அழுத்தினான்.

மோட்டார் முக்கி முனகிக் கதவை நெஞ்சு உயரம்வரை தூக்கிவிட்டு நின்றுபோனது. குளிர் உள்ளே பாய்ந்தது. மூக்குக்குள் ஈரம் உறைவது தெரிந்தது.

"மிச்சத்த கையால தூக்கிடலாம்" என்றான். சிவப்புக் கயிற்றைப் பிடித்தான்.

"ஓரின், வேண்டாம்!"

இழுத்துவிட்டான். கதவு வந்தது. வந்தது என்று எழுதுவது சும்மா, கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. காற்று முகத்தில் அறைந்தது, தரை அதிர்ந்தது, இருட்டானது. என் கம்பளியின் நுனி கதவுக்கு அடியில் மாட்டியிருந்தது. நாற்காலி இன்னும் கொஞ்சம் முன்னால் நின்றிருந்தால் அங்கே மாட்டியிருக்க வேண்டியது என் பாதம், எனக்கிருக்கும் ஒரே பாதம்.

ஓரின் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"இத யாரு இழுத்தது?" என்றான்.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே யார் என்று தெரிந்துகொள்ளக் கேட்டான். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் அழுதுவிடுவேன், அழுதால் அவன் பயந்துபோவான். அதனால், "குளிருக்கு எல்லாம் இறுகிக் கெடக்கு, அதுவா விழுந்துடுச்சு. என்ன உள்ள தள்ளு" என்றேன். கம்பளியை இழுத்தேன். கிழிந்துகொண்டு வந்தது.

கிளினிக்குக்கு போன் போட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டு வைப்பதற்குள், கராஜில் ஏணி நகரும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். எந்தக் காலத்திலோ யார் வீட்டிலோ கழற்றிய ஒரு துருப்பிடித்த ஸ்பிரிங்கைத் தேடி எடுத்துவிட்டான். இன்னொரு கையில் ஸ்குரூடிரைவர். ஸ்பிரிங் முறுக்க இரண்டு இரும்புக் கம்பிகள் தனியாக உண்டு. ஸ்குரூடிரைவரை வைத்து முறுக்கினால் அது வழுக்கிக்கொண்டு வந்து தாடையைப் பெயர்த்துவிடும். இதைக்கூட எனக்குச் சொன்னவன் இவன்தான்.

"கீழ எறங்கு. ரோண்டாவக் கூப்பிட்டிருக்கேன்" என்று ஒரு பொய்யை வீசினேன். ரோண்டா கராஜ் கதவு வேலை செய்கிறவள், அடுத்த தெருவில் வளர்ந்த பெண்.

"ரோண்டா எதுக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"செத்து வேற தொலைக்காத. முன்வாசல் பூரா பனி, பின்னால இந்தக் கதவு. ஒன்ன எந்த வழியா வெளிய எடுத்துட்டுப் போறது?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்லவேளை, சிரித்தால் பிடிவாதம் இறங்கிவிடும். "சரி, போய் முன்படில இருக்குற பனியத் தள்ளு. ரோண்டா அந்த வழியாத்தான் வரணும்" என்றேன். பனி தள்ளுவதற்கு மட்டும் ஓரினுக்கு எதுவும் ஞாபகம் இருக்க வேண்டியதில்லை. சந்தோஷமாகப் போனான்.

அவன் அந்தப் பக்கம் போனதும் நான் முறுக்குக் கம்பிகள் இரண்டையும் எடுத்து என் கம்பளிக்கு அடியில் ஒளித்துக்கொண்டேன். ஸ்குரூடிரைவர்களை ஃப்ரீசர் பெட்டியில் மான் இறைச்சிக்கு அடியில் தள்ளினேன். அப்புறம்தான் உண்மையிலேயே ரோண்டாவைக் கூப்பிட்டேன். இந்தக் குளிரில் ஊரெல்லாம் ஸ்பிரிங் அறுந்து கிடக்கிறது, சனிக்கிழமைதான் வர முடியும் என்றாள்.

அன்று சாயங்காலம் மாரிட் போன் செய்தாள்.

"அம்மா, சனிக்கிழம வரேன். அப்பா போன்ல ஒரே கேள்விய மூணு தடவ கேக்குறாரு. என்னம்மா ஆச்சு அவருக்கு?"

"காது கேக்கலடி. மிஷின் வெச்சுக்கோன்னா கேக்க மாட்டேங்கிறாரு."

"காது கேக்காதவரு பதில திரும்பச் சொல்லச் சொல்லுவாரும்மா. இவரு கேள்வியத் திரும்பக் கேக்குறாரு."

என் வயிற்றுப் பெண்தானே, அறிவு எங்கே போகும். "வா, நேர்ல வந்து பாரு" என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

சனிக்கிழமை வரும்வரை அந்த இரும்புக் கம்பிகள் என் மடியிலேயே கிடந்தன. படுக்கும்போதும் எனக்குப் பக்கத்தில் படுத்தன. ஓரின் வீடு முழுக்கத் தேடினான்.

"என் கம்பிங்க எங்க, ஆர்லிஸ்?"

"டுவேன் வாங்கிட்டுப் போனான்."

"அந்தப் பய ஒரு சாமானையும் திருப்பித் தந்ததில்ல!"

கொஞ்ச நேரம் கழித்து அதே கேள்வி வரும். அதே பதிலைச் சொல்வேன். டுவேனுக்கு அதே வசவு விழும். பாவம் டுவேன், ஒரு பாவமும் அறியாதவன். எனக்கு நடுநடுவே சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் கம்பிகளைக் கம்பளிக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டேன். மாரிட் வந்தால் என்ன பேச வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். போன வாரம் இதே கதவு மூட மாட்டேன் என்று ஏறி இறங்கி அடம் பிடித்தபோது, தனியாகப் போய்ச் சரிசெய்துவிட்டு வந்து, "முடிஞ்சுது, இனிமே மூடும்" என்று கையைத் துடைத்தானே, அதை மாரிட்டிடம் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். கையில் இருக்கும் வித்தை போகவில்லை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கராஜ் கதவு வேலை செய்யாததால் சனிக்கிழமை மாரிட் முன்வாசல் மணியை அடித்தாள். என் மகளே எனக்குப் போலீஸாக வந்து நின்றாள். கையில் எலுமிச்சை கேக் தட்டு, கண்ணில் சந்தேகம். ஓரின் வாசலுக்கே ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு, "மாரிட்! ரோடெல்லாம் எப்படி இருந்துச்சு?" என்று சரியான பெயரைச் சொல்லி, சரியான கேள்வியைக் கேட்டான். எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

"இது ஏம்மா கிழிஞ்சிருக்கு?" என்று மாரிட் என் கம்பளியைத் தொட்டாள். அடியில் இருந்த கம்பிகள் மோதிக்கொண்டன.

"சக்கரத்துல மாட்டிக்கிச்சு. போய்க் காப்பி ஊத்து."

ரோண்டா வந்தாள். வாய் ஓயாத பெண். பூட்ஸைத் தட்டிக்கொண்டே, "ஓரின், ஒங்க வீட்டுக் கதவ நான் தொடுறதா? தேவாலயத்துல பாதிரியாருக்கு ஜெபம் சொல்லித் தர்ற மாதிரில்ல இருக்கு!" என்றாள். ஓரினுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் கராஜுக்குப் போனோம். மாரிட் என் நாற்காலியைத் தள்ளினாள்.

ரோண்டா கதவை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். ஸ்பிரிங் ஒன்று அறுந்திருந்தது. கதவைத் தூக்கும் கம்பிக்கயிற்றில் இழைகள் பிரிந்திருந்தன. வியாழக்கிழமை விழுந்த வேகத்தில் அடிப்பலகை குறுக்கே விரிசல் விட்டு, கதவு ஓடும் டிராக் ஒரு பக்கம் வளைந்திருந்தது. "இவ்வளவு பலமா எப்படி விழுந்துச்சு?" என்று கேட்டாள். "குளிருக்கு" என்றேன். அவள் என்னைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தாள். நான் கையோடு கொண்டுவந்திருந்த கேக்குத் துண்டை வாயில் போட்டுக்கொண்டேன்.

"ஒட்டுப் போட்டு ஓட்டலாம், புதுசாவும் மாட்டலாம். நீங்க என்ன சொல்றீங்க ஓரின்?" என்றாள் ரோண்டா.

அப்போதுதான் பழைய ஓரின் வந்தான். எங்கே இருந்து வந்தானோ, முழுசாக வந்தான். கதவைத் தடவிக்கொண்டே பேசினான்.

"கீல் ஒடஞ்சா கீல மாத்து. ரோலர் தேஞ்சா ரோலர மாத்து. அதுக்கெல்லாம் புதுக் கதவு கேக்குறவன் சோம்பேறி. ஸ்பிரிங் ஒன்னு போச்சுன்னா மட்டும் ரெண்டையும் மாத்திடணும். ரெண்டும் ஒரே நாள்ல வேலைக்குச் சேந்ததுங்க, ஒன்னு போனா இன்னொன்னு பின்னாடியே போயிடும். ஆனா பலக விரிஞ்சு, டிராக் வளைஞ்சு, கயிறு பிரிஞ்சு, மோட்டாருக்கும் மூச்சு வாங்குதா? நிறுத்திடணும். அதுக்கு மேல ரிப்பேர் பண்றவன் கதவ ரிப்பேர் பண்ணல, தன் வீம்ப ரிப்பேர் பண்றான்."

"அப்ப இந்தக் கதவு?"

"முடிஞ்சுது இதோட கத. நல்லா ஒழைச்சுது. கழட்டிடு."

ரோண்டா கை தட்டினாள். மாரிட் குனிந்து என் காதில் சொன்னாள். "தெளிவா இருக்காரும்மா. நான்தான் என்னென்னமோ நெனச்சுப் பயந்துட்டேன். மண்டக் கொழப்பம் எனக்குத்தான்."

"போன வாரம்கூட இந்தக் கதவு மூட மாட்டேன்னுச்சு. ஒங்கப்பாதான் தனியா நின்னு சரி பண்ணாரு" என்றேன். என் குரலில் இருந்த பெருமையை நானே கேட்டேன்.

"திங்கக்கிழம அந்த எடத்துக்குப் போன் பண்ணி ரூம் வேண்டாம்னு சொல்லிடுறேன். இந்தக் கதவ மட்டும் புதுசாப் போட்டுக்கங்க. நீங்க ரெண்டு பேரும் இங்கயே இருங்கம்மா."

சொல்லிவிட்டாள். அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். எனக்கு எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது, ஆட முடிந்தால் ஆடியிருப்பேன். ஓரின் அதற்குள் புதுக் கதவுக்கு ஜன்னல் கேட்டுக்கொண்டிருந்தான். மேல்வரிசையில் கண்ணாடி, வெள்ளை நிறம். "கோடைல இங்க நாற்காலி போட்டு ஒக்காந்தா தெரு பூரா தெரியும். ஆர்லிஸுக்கு வம்பு பாக்கணும்" என்றான். எல்லோரும் சிரித்தோம். கம்பளிக்கு அடியில் கம்பிகள் கனத்தன. ராத்திரியே எடுத்த இடத்தில் வைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

"சரி, புதுக் கதவுக்கு இந்த மோட்டார் தாங்குமான்னு பாத்துடுறேன்" என்று ரோண்டா ஏணியில் ஏறினாள். மோட்டாரின் மூடியைத் திறந்தாள். கையை நீட்டி, உத்தரத்துக்குப் பின்னால் துழாவினாள். அவள் வாய் நின்றது. வந்ததிலிருந்து நிற்காத வாய்.

"என்ன ரோண்டா?" என்றாள் மாரிட்.

ரோண்டா எதையோ பிய்த்தாள். டேப் கிழியும் சத்தம் கேட்டது. கையைக் கீழே நீட்டிக் காட்டினாள். இரண்டு கறுப்புக் கண்கள், முகத்தோடு முகம் வைத்து, வெள்ளி டேப்பால் சுற்றப்பட்டிருந்தன. டேப் புதுசு, பளபளவென்று இருந்தது.

நான் கதவின் அடியைப் பார்த்தேன். கணுக்கால் உயரத்தில் கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் பனித்தள்ளியும் பூட்ஸ்களும் சாய்ந்து கிடந்தன. அவற்றுக்குப் பின்னால் வெறும் ஒயர் நுனிகள். முடிஞ்சுது, இனிமே மூடும் என்று கையைத் துடைத்தானே, அது இதுதான். அதற்குப் பிறகு எத்தனை முறை அந்தக் கதவுக்கு அடியில் என்னை நிறுத்திவிட்டுக் காரை எடுக்கப் போயிருப்பான்! பொத்தானை ஒருமுறை மறந்து அழுத்தியிருந்தால்?

"ஊர்ல பாதிப் பேரு இப்படித்தான் பண்றாங்க" என்றாள் ரோண்டா மெதுவாக. "ஆனா இந்த வீட்ல..."

முடிக்கவில்லை. டுவேன் கதை அவளுக்குத் தெரியும், மாரிட்டுக்கும் தெரியும். டேப் ஒட்டுகிறவன் கொலைகாரன் என்று சாப்பாட்டு மேசையில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் மாரிட்.

"யாரு பண்ணது?" என்றாள் மாரிட். குரல் மாறியிருந்தது. "அம்மா டெய்லி போற வழி இது. யாரு பண்ணது இத?"

ஓரின் அந்தக் கண்களைப் பார்த்தான். முகத்தில் பழைய கோபம் ஏறியது. டுவேனைத் திட்டியபோது இருந்த அதே கோபம். தன் கைதான் என்று அவனுக்குச் சுத்தமாகத் தெரியவில்லை. "எந்த முட்டாப்பய..." என்று ஆரம்பித்தான். இன்னும் ஒரு வார்த்தை பேசவிட்டால் எல்லாம் வெளியே கொட்டிவிடும். யோசிக்க எனக்கு நேரம் இல்லை. இத்தனை மாதமாக வாய்க்குப் பொய் பழகிவிட்டிருந்தது. அது தானாக வந்தது.

"நான்தான்" என்றேன். "நான்தான் ஒட்டினேன். கதவு மூடல, குளிரு தாங்கல, அதான்."

ரோண்டா ஏணியின் உச்சியிலிருந்து என்னைப் பார்த்தாள். மாரிட் ஏணியைப் பார்த்தாள், உத்தரத்தைப் பார்த்தாள், என் நாற்காலியைப் பார்த்தாள். சொல்லி முடித்ததும் என் முட்டாள்தனம் எனக்கே உறைத்தது. ஆனால் அதற்குள் ஓரின் திரும்பிவிட்டான். கோபம் அப்படியே இறங்கி, அவன் முகத்தில் கவலை வந்துவிட்டது. என் பக்கத்தில் வந்து, கிழிந்த கம்பளியை இழுத்துச் சரியாகப் போர்த்திவிட்டான்.

"ஏணில ஏறாத, ஏறாதன்னு ஒனக்கு எத்தன தடவ சொல்றது, ஆர்லிஸ்?" என்றான். "நான் வீட்ல இல்லாத நேரமாப் பாத்து ஏறி நிக்குற. ஒரு நாளு விழுந்து கால ஒடச்சுக்கப் போற, பாரு. அப்பறம் ஒன்ன வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

அவன் கை என் வலது முழங்கால் இருந்த இடத்தில் கம்பளியைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தது. அங்கே ஒன்றும் இல்லை என்பது அவன் கைக்கும் தெரியவில்லை. கம்பிகள் மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்து உருண்டன. "அட, என் கம்பிங்க!" என்று குனிந்து பொறுக்கிக்கொண்டான். "டுவேன் திருப்பிக் குடுத்துட்டானா?"

மாரிட் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை. சாய்தளத்தின் மேல் அப்படியே உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். எத்தனை மாதமாக என்று அவள் கண் என்னைக் கேட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். இனி மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. எங்களை ஆளுக்கோர் இடத்தில் கொண்டுபோய் வைப்பதைத் தவிர அவளுக்கு வேறு வழி இல்லை, அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ரோண்டா மெதுவாக இறங்கி வந்தாள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கதவையே பார்த்துக்கொண்டு கேட்டாள். "ஆர்லிஸ், புதுக் கதவுக்குச் சொல்லிடட்டுமா? வெள்ளையா, ஜன்னல் வெச்சு?"

"ஜன்னல் மேல் வரிசைல" என்றான் ஓரின்.

நான் கிழிந்த கம்பளியால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அப்புறம் சொன்னேன்.

"புதுசு வேண்டாம் ரோண்டா. ஒட்டுப் போட்டு ஒரு தடவ மேல தூக்கிக் குடு. நாங்க ரெண்டு பேரும் வெளிய போற அளவுக்குத் தூக்கினாப் போதும்."